பாட்டுக்கு முன்னால் கத்திய பல்லி: வெளியான பிறகு ஓர் ஆல்பத்தைத் திருத்திய கதை

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, எங்கள் ஆல்பத்தில் பாடிய அக்காவின் மகன் போன் செய்தான். "அண்ணே, பாட்டு வந்துருச்சு. ஆனா அம்மாவுக்குன்னு தனிப் பக்கத்துல வரல. பேரு அதேதான், ஆளு வேற. யாரோ பக்திப் பாட்டு பாடுறவங்க பக்கத்துல போய் உக்காந்துருக்கு."

திறந்து பார்த்தால் உண்மைதான். அம்மன் தாலாட்டுக்கும் கந்த சஷ்டிப் பாட்டுக்கும் நடுவில் எங்கள் ஐந்து பாட்டும் வழி தவறி வந்த விருந்தாளிகள் போல நின்றன. அதைச் சரிசெய்ய யாருக்கு எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காவே பேசினார். "தம்பி, மூணாவது பாட்டுல நான் எடுக்கிறதுக்கு முன்னாடி பல்லி கத்துதே, அது என்ன?"

பல்லி இல்லை, கிளிக் டிராக். பாடுபவர் தாளம் தவறாமல் இருக்க ஹெட்ஃபோனில் மட்டும் ஓடவேண்டிய டிக் டிக் சத்தம். பறை நுழைவதற்கு முந்தைய எட்டுத் தட்டில் அது தெளிவாகக் கேட்டது. கேட்கவே கூடாத ஒன்று, உலகத்திலுள்ள அத்தனை ஸ்டோரிலும், அதாவது ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற பாட்டுத் தளங்களிலும், கேட்டது.

அன்று இருட்டுவதற்குள் ஆறு தவறுகளைக் கண்டுபிடித்தோம். அவற்றில் எதை எப்படித் திருத்தினோம், எது திருந்தவில்லை, ஏழாவதாக ஒரு தவறை நானே எப்படிச் சேர்த்தேன் என்பதுதான் இந்த ஆய்வு. யார் மேலும் புகார் சொல்ல எழுதவில்லை. பாட்டை எங்களிடம் வாங்கி எல்லா ஸ்டோருக்கும் அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் யார் என்பதும் இங்கே முக்கியமில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆல்பம்

கோத்தகிரியில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஸ்டூடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும். மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பதிவு நின்றுவிடும், அப்போது டீ. அக்கா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பம். அவர் அம்மா நுவரெலியா தோட்டத்தில் பாடிய பாட்டுகள்தான் ஆல்பத்தில் நான்கு. ஐந்தாவது, பக்கத்து ஹட்டியைச் (படுகர் ஊர்) சேர்ந்த இளைஞர் ஒருவர் படுக மொழியில் பாடியது. பறை, ஜால்ரா, ஒரு ஆர்மோனியம், அவ்வளவுதான் வாத்தியம்.

வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தது நான். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது இசை வெளியாகும் நாள் வெள்ளிதான். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அம்மனுக்கு உகந்த நாளு, நல்லது" என்றார். காரணம் எதுவானால் என்ன, நாள் ஒன்றுதானே.

பொத்தானை அழுத்திய பிறகு நடப்பது

டிஸ்ட்ரிபியூட்டரின் தளத்தில் விவரங்களை நிரப்பி அனுப்பியதும் ஒலிக்கோப்புகள், அட்டைப்படம், இவற்றோடு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு எல்லாம் ஒரு பொட்டலமாக ஒவ்வொரு ஸ்டோருக்கும் தனித்தனியாகப் போகின்றன. பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், எந்த நாட்டில் எந்த நாளிலிருந்து விற்கலாம் என்பதெல்லாம் அந்த எக்ஸ்எம்எல்லில் இருக்கும். அதன் வடிவத்தை வகுத்திருப்பது டிடெக்ஸ் என்ற அமைப்பு; 2006-இல் தொடங்கியது. ஸ்டோர்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தங்கள் கிடங்கில் அடுக்கிக்கொள்கின்றன. அதோடு நம் கையைவிட்டுப் போய்விட்டது.

இதைப் புரியவைக்க எங்கள் ஊரில் ஓர் உதாரணம் போதும். குன்னூர் ஏலத்துக்கு லாரி ஏறிய தேயிலை. மூட்டை கிடங்கில் இறங்கி, சாம்பிள் வாங்குபவர் கைக்குப் போய், கேட்டலாக்கிலும் ஏறியாயிற்று. அப்புறம் ஃபேக்டரியில் உட்கார்ந்துகொண்டு நம் நோட்டில் கிரேடை மாற்றி எழுதினால் மூட்டை மேல் இருக்கிற பெயர் மாறுமா? சீட்டு எழுதி அனுப்பவேண்டும். ஒவ்வொரு கிடங்கும் அதை எப்போது கவனிக்கிறதோ அப்போதுதான் மாறும்.

அந்தச் சீட்டிலும் ஒரு விசேஷம் உண்டு. ஓர் எழுத்து பிழை என்றால் அந்த ஓர் எழுத்து மட்டும் போவதில்லை. ஆல்பத்தின் முழு விவரமும் மறுபடி போகிறது. ஸ்டோர் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்கிறது. ஆல்பத்தை ஸ்டோரிலிருந்து இறக்கும் டேக்டவுனும் இதே வகைதான்: இந்த ஆல்பத்தை ஒலிபரப்பும் அனுமதி இந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒரு செய்தி.

மேலெழுதும்போது எதை வைத்து ஆல்பத்தை அடையாளம் காண்கிறார்கள்? இரண்டு எண்கள். ஆல்பம் முழுவதற்கும் ஒரு யுபிசி, கடைச் சாமானில் இருக்கும் பார்கோடு மாதிரி. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஐஎஸ்ஆர்சி, பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. முதல் ஐந்து அதை வழங்கியவரின் அடையாளம், அடுத்த இரண்டு வருஷம், மிச்சம் ஐந்து வரிசை எண். இந்தியாவில் இதை வழங்கும் பொறுப்பு இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்ற சங்கத்திடம் இருக்கிறது. ஆனால் எங்களைப் போல டிஸ்ட்ரிபியூட்டர் தரும் எண்ணையே வாங்கிக்கொள்பவர்கள்தான் அதிகம். எங்கள் ஐந்து பாட்டின் எண்ணும் கியூ இசட் என்றுதான் தொடங்கின. அது அமெரிக்காவுக்கு ஒதுக்கிய வரிசை. கோத்தகிரி லைன் வீட்டுப் பாட்டுக்கு அமெரிக்க எண். பரவாயில்லை, பாஸ்போர்ட் மாதிரி அதற்கு அர்த்தம் கிடையாது.

சுலபமாகத் திருந்தியவை

வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது எங்கள் கவனக்குறைவு. படிவத்தில் பாடகர் பெயருக்குக் கீழே, இவருக்கு ஏற்கனவே பக்கம் இருக்கிறதா, புது ஆளா என்று கேட்கும். நாங்கள் இரண்டையும் தொடாமல் விட்டோம். ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் என்பதால், அதே பெயரில் இருந்த பக்கத்தோடு ஒட்டிவிட்டது. இதற்கு ஆல்பத்தை இறக்கவேண்டியதில்லை. புதுக் கலைஞர், தனிப் பக்கம் வேண்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதினோம், நாலு நாளில் இடம் மாறியது.

தலைப்புப் பிழையும் அப்படியே. மூன்றாவது பாட்டின் பெயர் கொழுந்து என்று தொடங்கும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு நான் இசட் ஹெச் போட்டிருந்தேன், தம்பி (அக்கா மகனைத்தான் சொல்கிறேன்) எல் போட்டு அனுப்பிவிட்டான். தேடுபவர் எப்படி வேண்டுமானாலும் தேடுவார் என்பதால் இதை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அட்டைப்படத்தில் ஒன்று, தலைப்பில் ஒன்று என்று இருந்தால் பார்க்கவே அசிங்கம். தலைப்பை மாற்றினாலும் எண் அதேதான் என்பதால் இணைப்பும் மாறவில்லை, எத்தனை முறை கேட்டார்கள் என்ற கணக்கும் கலையவில்லை.

அட்டைப்படம் கொஞ்சம் சிரிப்பு. எங்கள் பக்கம் கச்சேரிக் குழுக்கள் கேசட் காலத்திலிருந்தே அட்டையின் கீழே "தொடர்புக்கு" என்று போன் நம்பர் போடும். தம்பியும் போட்டிருந்தான். 3000-க்கு 3000 பிக்சல், சதுரம், எல்லாம் சரி. ஆனால் தொடர்பு விவரம், இணையமுகவரி, விலை இவையெல்லாம் அட்டையில் இருக்கக்கூடாது என்பது ஸ்டோர்களின் பொதுவான விதி. ஒரு ஸ்டோர் ஆல்பத்தையே நிறுத்தி வைத்துவிட்டது, மற்றவை கண்டுகொள்ளவில்லை. நம்பரை அழித்துப் புதுப் படம் அனுப்பியதும் நிறுத்தி வைத்த இடத்தில் வெளியானது. அக்கா மகனுக்குத்தான் வருத்தம்: "நம்பர் இல்லாம எப்படிண்ணே கூப்புடுவாங்க?"

எழுதியவர் யார்

பாடலாசிரியர் கட்டத்தில் தம்பி அக்காவின் பெயரையே போட்டிருந்தான். அக்கா அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "நான் எழுதலையே. எங்கம்மா பாடுனது. அவங்களுக்கு முன்னாடி யாரு பாடுனாங்களோ." சரி, மரபுப் பாடல் என்று போடலாமா என்றேன். அதுவும் அவருக்கு ஒப்பவில்லை. இரண்டு பாட்டில் அவர் அம்மா சொந்தமாகக் கட்டிய வரிகள் இருக்கின்றன. கங்காணியைக் கிண்டல் செய்யும் அந்த வரிகள் வேறு எங்கும் கிடையாது. கடைசியில் இரண்டுக்கு மரபு, இரண்டுக்கு அம்மாவின் பெயர் என்று முடிவானது.

அப்புறம்தான் சிக்கல். படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரே பெயர், முன்னால் அவர் அப்பாவின் ஓர் எழுத்து. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான், எந்தப் படிவமும் இதைக் கற்றுக்கொள்வதாக இல்லை. தனி எழுத்தை ஏற்காததால் அப்பா பெயரை முழுதாக எழுதிப் பின்னால் வைத்தோம். எழுதியவர் பெயர் பிற்பாடு உரிமைத்தொகை கணக்கில் பேசும் பெயர் என்பதால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன்.

பல்லி

இனி மூன்றாவது பாட்டு. முதலில் அது எப்படி நேர்ந்தது என்பது. அனுப்பவேண்டிய இரவு மூடுபனியோடு மழை, கோத்தகிரியில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. ஐந்து நிமிஷப் பாட்டு 24 பிட் வேவ் ஃபைலில் கிட்டத்தட்ட 80 எம்பி வரும். பாதியில் அறுந்து அறுந்து மூன்று முறை முயன்றபின், "நான் வீட்டுல போய் ஏத்துறேண்ணே" என்று தம்பி ஃபோல்டரின் லிங்கை வாங்கிக்கொண்டு போனான். அந்த ஃபோல்டரில் மூன்றாவது பாட்டு மட்டும் மூன்று முறை இருந்தது: ஃபைனல், ஃபைனல் ஓகே, ஃபைனல் ஓகே கடைசி. பட்டியலில் மேலே இருந்ததை அவன் எடுத்தான். அது பறைக்காரர் ஒத்திகை பார்ப்பதற்காகக் கிளிக்கோடு நான் எடுத்துக் கொடுத்த மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்த ஒலிக்கோப்பு. அதற்கு ஃபைனல் என்று பெயர் வைத்தது நான்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து பதில் சுருக்கமாக வந்தது: வெளியான பிறகு ஒலிக்கோப்பை மாற்ற முடியாது, ஆல்பத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் மாற்றித் தருவார்கள், இவர்கள் மாட்டார்கள். தம்பி அதைப் படித்ததும் நீக்கும் பொத்தானை அழுத்தப் போய்விட்டான். நல்லவேளை எனக்குப் போன் செய்தான்.

நீக்கிவிட்டு ஏற்று என்ற அந்த வரிசையில்தான் ஆபத்து இருக்கிறது. முதலில் நீக்கினால் சில நாள் பாட்டு எங்குமே இருக்காது. பிளேலிஸ்ட்டில் சேர்த்தவர்களிடம் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். வெற்றிடம் விழாமல் இருக்க வழி, புதியதை முதலில் ஏற்றி, அது எல்லா ஸ்டோரிலும் வந்த பிறகு பழையதை இறக்குவது. புது ஆல்பத்துக்குப் புது யுபிசி வரும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பாட்டுகளுக்குப் பழைய ஐஎஸ்ஆர்சியே இருக்கவேண்டும். எண்ணும் ஒலியும் விவரமும் ஒத்துப்போனால் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் இரண்டும் ஒரே பாட்டு என்று கண்டுகொண்டு, கேட்ட கணக்கைச் சேர்த்துக் காட்டும். இங்கே ஒரு குழி: படிவத்தில் "ஐஎஸ்ஆர்சி ஏற்கனவே இருக்கிறது" என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணை நாமே தட்டவில்லை என்றால், அது சத்தமில்லாமல் புது எண் கொடுத்துவிடும். அங்கேதான் பலருடைய கணக்கு சைபராகிறது.

நான்கு பாட்டுக்கு இதில் குழப்பமில்லை, அதே ஃபைல், அதே எண். மூன்றாவதற்கு? இதில் நான் இரண்டு நாள் யோசித்தேன். ஐஎஸ்ஆர்சி ஒரு பதிவுக்கான எண். வேறு மிக்ஸ், வேறு எடிட் என்றால் புது எண் வாங்கவேண்டும். நீளம் பத்து நொடிக்கு மேல் மாறினாலும் அப்படியே. கறாராகப் பார்த்தால் எங்களுடையதும் வேறு மிக்ஸ்தான். ஆனால் குரல் அதே டேக், பறை அதே டேக், நீளம் நொடி பிசகாமல் அதே. எட்டுத் தட்டில் ஒரு சத்தத்தை மௌனமாக்கியது மட்டும்தான் வித்தியாசம். புதிதாக எதுவும் படைக்கவில்லை, பழுது நீக்கினோம் என்பது என் முடிவு. பழைய எண்ணையே வைத்தேன். ஆர்மோனியத்தைக் கூட்டி வைத்திருந்தாலோ குரலை மறுபடி எடுத்திருந்தாலோ புது எண்தான் வாங்கியிருப்பேன். இதை ஏற்காத நண்பர்கள் உண்டு. கேட்கிறவருக்கு இரண்டு மாதிரி கேட்டால் அது இரண்டு பதிவு என்பார்கள்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. தோட்டத்துப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட ஆரம்பித்திருந்தார்கள், அதுவும் அந்த மூன்றாவது பாட்டுக்கே. டிக் என்னும்போது ஒரு கொழுந்து கிள்ளுவது, டிக் என்னும்போது கூடைக்குள் எறிவது. பல்லி அவர்களுக்குத் தாளக்காரனாகிவிட்டது. பழைய ஆல்பம் போனால் அந்த ரீல்ஸில் பாட்டு போய்விடக்கூடும் என்று அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பிள்ளைங்க வேற பாட்டு போட்டுக்கும். எங்கம்மா பாட்டுல பல்லி வேண்டாம் தம்பி." அதற்கு மேல் பேச்சில்லை.

புது ஆல்பத்தில் முதல் வெளியீட்டு நாள் என்ற கட்டத்தில் பழைய வெள்ளிக்கிழமையையே போட்டோம். இதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் இரண்டு வாரத்துக்கு முந்தைய பாட்டு இன்று பிறந்த மாதிரி பட்டியலில் நிற்கும்.

நான் சேர்த்த தவறு

புதியது வர ஆரம்பித்ததும் இரண்டு தளங்களைத் திறந்து பார்த்தேன், இரண்டிலும் இருந்தது. எல்லா இடத்திலும் வந்திருக்கும் என்று நானாக முடிவுகட்டி அன்று மாலையே பழையதற்கு டேக்டவுன் கொடுத்தேன். யூடியூபைத் திறந்து பார்க்கவில்லை. நம் ஆல்பத்தை வாங்கி யூடியூப் தானாகவே அட்டைப்படத்தோடு ஒரு வீடியோ உருவாக்கும், ஆர்ட் டிராக் என்பார்கள். புது யுபிசிக்கான அந்த வீடியோக்கள் அப்போது உருவாகியிருக்கவில்லை. பழையவை மறுநாள் மதியம் போய்விட்டன. இலங்கை ஹட்டனில் இருக்கும் அக்காவின் சித்தி குடும்பம்வரை வாட்ஸ்அப்பில் போயிருந்த லிங்க் எல்லாம் "வீடியோ கிடைக்கவில்லை" என்று காட்டியது. அக்கா மகனுக்கு அங்கிருந்து வரிசையாக போன். பதினோரு நாள் கழித்துப் புது வீடியோக்கள் வந்தன, புது முகவரியோடு, பார்த்தவர் எண்ணிக்கை சைபரிலிருந்து.

இப்போது ஸ்டோர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஐந்து பாட்டையும் என் கண்ணால் பார்த்து, காதால் முதல் பத்து நொடி கேட்டு, டிக் அடித்த பிறகுதான் பழையதைத் தொடுவேன். ஒரு மணி நேர வேலை. கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் இந்தக் கிளிக்கெல்லாம் தெரியாது, ஹெட்ஃபோன் வேண்டும். ஃபோல்டரில் ஒரு பாட்டுக்கு ஒரு ஃபைல்தான் இருக்கும். மற்றதெல்லாம் "பழசு" என்ற உள் ஃபோல்டருக்குள். ஒத்திகை மிக்ஸின் பெயரிலேயே "கிளிக்" என்று போடுகிறேன்.

இன்றைய நிலை

நான்கு பாட்டின் கணக்கும் மூன்று நாளில் சேர்ந்துவிட்டது. மூன்றாவது பாட்டு எட்டு நாள் தனித்து நின்று, பிறகு ஒன்றானது. ரீல்ஸில் சில ஊமையாகின, கூடையும் கையும் மட்டும் அசைகின்றன. இரண்டு பிள்ளைகள் புது ஒலியில் மறுபடி எடுத்தார்கள். டிக் இல்லாததால் கொழுந்து கிள்ளுவது தாளத்தில் விழவில்லை.

ஆறாவது தவறு இன்னும் அப்படியே இருக்கிறது. படுகப் பாட்டுக்கு மொழி கேட்டபோது பட்டியலில் படுக மொழி இல்லை. உலக மொழிக் குறியீட்டில் அதற்கு பி எஃப் கியூ என்று மூன்றெழுத்துக் குறி உண்டு. ஆனால் படிவம் தன் பட்டியலில் இருப்பதைத்தான் ஏற்கும். தம்பி தமிழ் என்று போட்டிருந்தான். பாடியவரிடம் தமிழா கன்னடமா என்று கேட்டேன். "ரெண்டும் இல்லையேண்ணா" என்றார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது. புது ஆல்பத்திலும் தமிழ் என்றே போயிருக்கிறது. பட்டியலில் மொழியைச் சேர்க்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு, கோரிக்கை பதிவாகிவிட்டது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. அட்டைப்படமும் ஒரு சின்ன ஸ்டோரில் இன்னும் மாறவில்லை. போன வாரம் கூடலூர் பக்கமிருந்து ஒரு கோயில் கமிட்டிக்காரர் அந்தப் பழைய அட்டையிலிருந்த நம்பரைப் பார்த்து அழைத்து, மாசித் திருவிழாவுக்குப் பாட வருவார்களா என்று கேட்டாராம். அந்த ஸ்டோருக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பவேண்டாம் என்று தம்பி என்னிடம் சொல்லியிருக்கிறான்.